வாசனை வராத சமையலறை

வெள்ளிக்கிழமை இரவுச் சாப்பாடு முடிந்ததும், என் மூட்டு நோய்க்கான மெத்தோட்ரெக்சேட் மாத்திரைகளை விழுங்குவேன். வாரத்துக்கு ஒரே ஒரு நாள்தான். மறந்துபோய் நாள்தோறும் போட்டுக்கொண்டால் உயிருக்கே ஆபத்து என்பதால், நாள்காட்டியில் ஒவ்வொரு வெள்ளியையும் சிவப்பு மையால் வட்டமிட்டு வைத்திருக்கிறேன். விழுங்கிய கையோடு அந்த வட்டத்தின் குறுக்கே ஒரு கோடு. சனிக்கிழமை கண் விழிக்கும்போதே குமட்டல் காத்திருக்கும். அன்று முழுவதும் எனக்குச் சோபாதான். தண்ணீர்கூட மிடறு மிடறாகத்தான் இறங்கும். எங்கோ எண்ணெய் காயும் வாசனை மூக்கில் பட்டால் போதும், வயிறு புரண்டுவிடும்.

அந்த நாளில்தான் நான் காலையிலிருந்து மாலைவரை தொலைக்காட்சியில் சமையல் பார்க்கிறேன்.

என் மகளுக்கு இது நெடுநாள் பிடிபடவே இல்லை. "ஒரு வாய் சாப்பிட முடியாத நாளில் இதை எதற்கு அம்மா பார்க்கிறாய்? இன்னும் குமட்டாதா?" என்று கேட்டுக்கொண்டே இருப்பாள். குமட்டாது. தொலைக்காட்சிக்கு வாசனை கிடையாது. வெங்காயம் வாணலியில் விழுந்து சுருங்கி, ஓரம் சிவந்து, பொன்னிறமாகும் வரை என்னால் இமைக்காமல் பார்த்துக்கொண்டிருக்க முடியும். சட்டியருகே நின்றால் இரண்டு நிமிடம் தாக்குப்பிடிக்க மாட்டேன். சமையலறையில் எனக்கு ஆகாதவை மூன்று: வாசனை, அனல், நெடுநேரம் நிற்பது. இந்த மூன்றையும் வடிகட்டிவிட்டு மிச்சம் இருக்கும் சமையலறையை ஒரு கண்ணாடிக்குள் வைத்து யாரோ எனக்குக் கொடுத்திருக்கிறார்கள். அதை நான் ஏன் வேண்டாம் என்று சொல்ல வேண்டும்?

எனக்கு இருப்பது முடக்குவாதம். ருமட்டாய்டு ஆர்த்ரைட்டிஸ் என்று மருத்துவர் எழுதுவார். "வயதானால் மூட்டு தேயத்தான் செய்யும்" என்று ஆறுதல் சொல்ல வருபவர்களிடம் ஒவ்வொரு முறையும் விளக்குகிறேன், இனியும் விளக்குவேன்: இது தேய்மானம் இல்லை. கிருமிகளை எதிர்க்க வேண்டிய உடலின் காவல், ஆள் தெரியாமல் சொந்த மூட்டின் உட்சவ்வையே தாக்குகிறது. மூட்டு வீங்குகிறது, சுடுகிறது, கவனிக்காமல் விட்டால் எலும்பையும் அரிக்கிறது. இளம் வயதிலும் வரும். ஆண்களைவிடப் பெண்களுக்கே மிகுதியாக வரும். எனக்கு 38 வயதில் வந்தது. இப்போது 49.

முதலில் என்னைக் கைவிட்டது பாட்டில் மூடி. திருகத் திருக அசையவில்லை. பிறகு ஒரு காலை, கரண்டியைப் பிடித்த விரல்கள் மடிந்தது மடிந்தபடியே நின்றுவிட்டன. மற்றொரு கையால் ஒவ்வொன்றாக நிமிர்த்த வேண்டியிருந்தது. அந்த மற்றொரு கையும் வலித்தது. இந்த நோய் பெரும்பாலும் இரண்டு பக்கத்தையும் ஒன்றுபோலத் தாக்கும். வலது கை முடியவில்லை என்று இடது கையிடம் வேலையை ஒப்படைக்கவும் விடாது.

அதற்கு முன்பு சமையலறை என் தனி நாடு. எத்தனை விருந்தாளிகள் வந்தாலும் ஒற்றை ஆளாகச் சமைப்பேன். "நான் ஏதாவது நறுக்கித் தரட்டுமா?" என்று கேட்டுக்கொண்டு யாராவது வாசற்படியில் வந்து நின்றால் எனக்கு எரிச்சல் வரும். நறுக்குவது, வதக்குவது, கிளறுவது, உப்புப் பார்ப்பது, பாத்திரம் துலக்கிக் கவிழ்ப்பது எல்லாமே நான்தான். எல்லாவற்றையும் நானே செய்தால்தான் அது நான் சமைத்த சாப்பாடு என்று உண்மையாகவே நம்பியிருந்தேன். எனவே நோய் வந்தபோது வலியைவிடப் பெரிய அடி இதுதான். பானையைத் தூக்கி வடிக்க முடியாதவள் சமைப்பவள் என்று சொல்லிக்கொள்ள என்ன இருக்கிறது?

முதல் ஓராண்டு சமையல் நிகழ்ச்சி எதையும் என்னால் பார்க்க முடியவில்லை. அலைவரிசை மாற்றும்போது யாராவது கத்தியோடு நின்றால் உடனே தாண்டிவிடுவேன். பொறாமை என்றுதான் சொல்ல வேண்டும். அவர்களுடைய விரல்களைப் பார்க்கப் பொறுக்கவில்லை.

மாற்றியது ஒரு விடியற்காலை. இந்த நோய்க்காரர்களுக்கு அந்த நேரம் கொடியது. அழற்சியைத் தூண்டும் பொருள்கள் இரத்தத்தில் ஏறும் நேரம் என்பதால், எழுந்திருக்கும்போது மூட்டுகள் சிமெண்டில் புதைத்ததுபோல் இறுகியிருக்கும். தளர ஒரு மணி நேரம் ஆகும், சில நாள் அதற்கும் மேல். அன்று நாலு மணிக்கே விழித்துவிட்டேன். வீடு தூங்குகிறது. ஒலியைக் குறைத்து வைத்துக்கொண்டு எதையோ தேடியபோது, ஒரு பழைய கறுப்பு வெள்ளை நிகழ்ச்சி ஓடியது. நெடிய உருவம், கீச்சென்று உச்சத்துக்குப் போகும் குரல். அமெரிக்கச் சமையல் கலைஞர் ஜூலியா சைல்டு.

1963-இல் அமெரிக்காவின் பாஸ்டன் நகரப் பொதுத் தொலைக்காட்சியில் தொடங்கிய நிகழ்ச்சி அது. அப்போது அவருக்கு வயது 50. பாரிஸில் சமையல் பள்ளியில் சேர்ந்ததே 37 வயதில்தான். ஒளிப்பதிவை வெட்டி ஒட்டுவது எளிதாக இல்லாத காலம். பெரும்பாலும் நிறுத்தாமல் ஒரே ஓட்டமாக எடுத்துவிடுவார்கள். அதனால் நடந்தது நடந்தபடியே பதிவாகியிருக்கும்.

அவர் வாணலியில் உருளைக்கிழங்கை அடையாகத் தட்டி வேகவிட்டிருந்தார். அதைக் கரண்டியில்லாமல், வாணலியைச் சுண்டியே திருப்பிப் போட வேண்டும். திருப்பும்போது மனத்தில் துணிவு வேண்டும் என்று சொல்லிக்கொண்டே சுண்டினார். அடை முழுதாகத் திரும்பவில்லை. ஒரு பகுதி வாணலிக்குள், மிச்சம் அடுப்பின்மேல். அவர் முகம் சுளிக்கவில்லை. நான் போதிய துணிவோடு சுண்டவில்லை என்றார். சிதறியதை விரலால் அள்ளி வாணலியில் போட்டு அழுத்திவிட்டார். சமையலறையில் நீங்கள் தனியாகத்தானே இருக்கிறீர்கள், யார் பார்க்கப் போகிறார்கள் என்றார். அடுத்த வேலைக்குப் போய்விட்டார்.

அந்த வாரம்தான் என் கையிலிருந்து ஒரு பாத்திரம் நழுவியிருந்தது. கொதித்தது இல்லை, நல்லவேளை. தரையெல்லாம் சிந்தியதைத் துடைக்கக் குனியவும் முடியாமல் சுவரோடு சாய்ந்து நின்று அழுதிருந்தேன். எனக்கு அது ஒரு முடிவுபோல் இருந்தது. கையிலிருந்து விழுந்துவிட்டது, இனி சமையல் கிடையாது. இந்த அம்மையாரோ விழுந்ததைப் பொறுக்கி வாணலியில் போட்டுக்கொண்டு பேச்சைத் தொடர்கிறார். போர்வைக்குள் கைகளை வைத்துக்கொண்டு நான் அந்த நிகழ்ச்சியை முழுதும் பார்த்தேன். ஓராண்டில் முதன்முறையாக.

அன்றிலிருந்து நான் பார்ப்பது கைகளைத்தான். முகம் இரண்டாம் பட்சம், பதார்த்தம் மூன்றாம் பட்சம். நேர் மேலிருந்து பலகையைக் காட்டும் கேமரா ஒன்று இருக்கிறதே, அதைக் கண்டுபிடித்தவருக்கு நான் கடன்பட்டிருக்கிறேன். நறுக்கத் தெரிந்தவரின் கத்தி முனை பலகையைவிட்டு எழும்புவதே இல்லை, பின்பகுதி மட்டும் ஏறி இறங்கும். மறு கையின் விரல்நுனிகள் உள்ளே மடிந்திருக்கும். நடுவிரலின் கணு கத்தியின் பக்கவாட்டில் உரசியபடி, ஒவ்வொரு வெட்டுக்கும் ஒரு மயிரிழை பின்வாங்கும். கத்தி கண்ணை நம்பாது, அந்தக் கணுவை நம்பி நடக்கும். அதே கணுதான் எனக்கு வீங்கியிருப்பது. நல்ல கையை இவ்வளவு அருகில் பார்த்தால் வலிக்கும் என்று பயந்தேன். வலிக்கவில்லை. ஆடி ஓய்ந்தவர் ஆட்டத்தைப் பார்ப்பதுபோல, எந்த அசைவு எங்கே தொடங்குகிறது என்று என் உடம்புக்குத் தெரிகிறது. போர்வைக்குள் என் விரல்களும் கொஞ்சம் அசைகின்றன.

கைகளுக்காகவே பார்க்க வேண்டியவர் ஷாக் பெபாங். பிரான்சில் பிறந்து அமெரிக்காவில் வாழும் சமையல் கலைஞர். மூன்று முட்டையை உடைத்து ஊற்றி, ஒரு கையால் வாணலியை ஆட்டி, மறு கையால் முள்கரண்டியைச் சுழற்றி, நிறம் மாறாமல் மென்மஞ்சளாகவே அதைச் சுருட்டித் தட்டில் கவிழ்ப்பார். ஒரு நிமிடம் ஆகுமோ என்னவோ. கைகள் பரபரப்பதே இல்லை. நெடுநாள் பார்த்த பிறகுதான் அவருடைய கதையைப் படித்தேன். 1974-இல் ஒரு கார் விபத்தில் அவருக்குப் பல எலும்புகள் முறிந்திருக்கின்றன. உணவகச் சமையலறையில் நாள் முழுவதும் நின்று வேலை செய்யும் வாழ்க்கை அதோடு முடிந்துபோனது. அதன் பிறகுதான் கற்பிப்பதும் எழுதுவதும் தொலைக்காட்சியும் அவருடைய முழு வேலையாயின. நான் சனிக்கிழமைதோறும் வியந்து பார்த்த கைகள், ஒருமுறை எல்லாம் போய்விட்டது என்று படுத்திருந்த உடம்பின் கைகள். படித்த அன்று மகளைக் கூப்பிட்டுச் சொன்னேன். அவள் பக்கத்தில் வந்து உட்கார்ந்து, அந்த முட்டையை என்னோடு இன்னொரு முறை பார்த்தாள்.

சில நிகழ்ச்சிகள் எனக்கு ஒத்துவருவதில்லை. கடிகாரம் பின்னோக்கி ஓட, இசை அதிர, ஒருவர் மற்றவரைப் பார்த்துக் கத்தும் போட்டிகள் உடம்பைப் பதறவைக்கின்றன. என் நாளுக்கு ஏற்கெனவே ஒரு கடிகாரம் உண்டு. இத்தனை மணிக்குள் தெம்பு தீர்ந்துவிடும் என்று அது சொல்லிக்கொண்டே இருக்கும். 2010-இல் தொடங்கிய 'கிரேட் பிரிட்டிஷ் பேக் ஆஃப்' என்னும் கேக், ரொட்டி சுடும் போட்டி எனக்குப் பிடித்துப்போனதற்குக் காரணம், அங்கே போட்டியாளர்கள் ஒருவருக்கொருவர் ஓடிப்போய் உதவுகிறார்கள். வெல்பவருக்குப் பணம் கிடையாது, ஒரு கேக் தாங்கியும் பூங்கொத்தும்தான். அதில் எனக்கு மிகவும் பிடித்த காட்சி சமையலே இல்லை. மாவை அடுப்புக்குள் வைத்துவிட்டு, செய்வதற்கு ஒன்றும் இல்லாமல், கண்ணாடிக் கதவுக்கு முன்னால் தரையில் உட்கார்ந்து உள்ளே எட்டிப் பார்ப்பார்கள். வளர்ந்த மனிதர்கள், முழங்காலைக் கட்டிக்கொண்டு. காத்திருப்பது என் முழுநேர வேலை. புதிய மருந்து வேலை செய்கிறதா என்று தெரியவே பல வாரம் ஆகும். அந்த வாரங்களில் அவர்களோடு சேர்ந்து நானும் அந்தக் கதவையே பார்த்துக்கொண்டிருப்பேன்.

ஒரு விஷயம் ஆரம்பத்தில் எனக்குக் கோபமூட்டியது. மூன்று மணி நேரம் வேக வேண்டியதை அடுப்பில் வைப்பார்கள். அடுத்த நொடி, முன்பே தயாராக வைத்திருந்ததைக் கீழிருந்து எடுத்துக் காட்டுவார்கள். பூண்டு உரித்து, மிளகு பொடித்து, ஒவ்வொன்றும் சின்னச் சின்னக் கிண்ணத்தில் காத்திருக்கும். பாத்திரம் துலக்கும் காட்சியே வராது. இது பொய் இல்லையா? என் கை எரியும் இடங்களை எல்லாம் இவர்கள் வெட்டி எறிந்துவிடுகிறார்களே?

பிறகு யோசித்தேன். அந்தக் கிண்ணங்களில் பூண்டு தானாக வந்து உட்காரவில்லை. யாரோ உரித்திருக்கிறார்கள். கேமராவுக்கு இந்தப் பக்கம் ஒரு பட்டாளமே நிற்கிறது. ஜூலியா சைல்டின் படப்பிடிப்பில் அவருடைய கணவர் பால் பாத்திரம் துலக்கியிருக்கிறார். சமையலறையில் நீங்கள் தனியாகத்தானே இருக்கிறீர்கள் என்று அவர் சொன்ன அந்த நொடியில் அவரைச் சுற்றி அத்தனை பேர் இருந்தார்கள்! ஆனாலும் அது ஜூலியா சைல்டின் சமையல். ஒருவரும் அதை மறுத்ததில்லை. எல்லாவற்றையும் நானே செய்தால்தான் என் சமையல் என்று நான் வைத்திருந்த கணக்கு எங்கே தவறியது என்று அன்றைக்குத்தான் எனக்குத் தெரிந்தது.

அதை முழுதாக நம்பவைத்தவர் கிறிஸ்டீன் ஹா. அமெரிக்க 'மாஸ்டர்செஃப்' போட்டியின் மூன்றாம் பருவத்தில், 2012-இல் வென்றவர். அவருக்குக் கண் தெரியாது. நியூரோமைலைட்டிஸ் ஆப்டிக்கா என்னும் நோய் பார்வையைப் பறித்துவிட்டது. அதுவும் என் நோயின் உறவுக்காரன்தான். உடலின் காவல் அங்கே பார்வை நரம்புகளையும் தண்டுவடத்தையும் தாக்குகிறது. பொருள்களைத் தேடி எடுக்கவும் வழிகாட்டவும் உதவியாளர் ஒருவர் அவர் பக்கத்தில் இருந்தார். சமைப்பது கிறிஸ்டீன். தொட்டு, முகர்ந்து, கொதிக்கும் ஒலியைக் காதால் அளந்து, ருசித்து முடிவெடுப்பது கிறிஸ்டீன்.

ஒரு சுற்றில் அவர், ஆப்பிளை மாவோட்டுக்குள் வைத்துச் சுடும் ஆப்பிள் பை செய்தார். கெட்டுப்போய்விட்டது என்று நினைத்துக்கொண்டு, கண் கலங்க அதை நடுவர் கார்டன் ராம்சேயின் முன்னால் வைத்தார். மிகக் கடுமையானவர் என்று பெயரெடுத்தவர் அவர். அன்றைக்கு அவர் செய்தது, அந்தப் பை எப்படி இருக்கிறது என்று கிறிஸ்டீனுக்கு விவரித்ததுதான். எங்கே பொன்னிறம், ஓரம் எப்படி என்று எல்லாம் சொன்னார். பிறகு கத்தியை மேலோட்டின்மீது இழுத்தார். கரகரவென்று சத்தம். கேட்கிறதா என்றார். கிறிஸ்டீனின் முகம் மாறியது. நான் அந்த இடத்தைப் பலமுறை பார்த்திருக்கிறேன். தன் கையால் செய்ததைப் பார்க்க முடியாத ஒருவருக்கு, அதை இன்னொருவர் சத்தமாக்கிக் கொடுக்கிறார்.

அடுத்த செவ்வாய்க்கிழமை மகளிடம் சொன்னேன்: "நான் சொல்கிறேன், நீ தூக்கு."

அவள் ஒரு நொடி என்னையே பார்த்தாள். பிறகு, "உயரமான ஸ்டூலை உள்ளே கொண்டுவரட்டுமா?" என்று மட்டும் கேட்டாள். எத்தனை ஆண்டுகளாக அந்த வாசற்படியில் நின்று அதைக் கேட்கக் காத்திருந்தாளோ தெரியவில்லை.

செவ்வாய்க்கிழமைக்குக் காரணம் உண்டு. மாத்திரையின் குமட்டல் ஞாயிறு இரவோடு அடங்கும். திங்கள் களைப்பு. செவ்வாய் காலை பதினொரு மணிக்கு விரல்கள் ஓரளவு சொன்னபடி கேட்கும். அந்த ஒரு மணி நேரத்துக்கு நான் திட்டம் போடுகிறேன். தொலைக்காட்சிக்காரர்களின் சின்னக் கிண்ணங்களை அப்படியே எடுத்துக்கொண்டேன். முதல் நாளே மகள் நறுக்கி வைத்துவிடுவாள். மறுநாள் நான் ஸ்டூலில் உட்கார்ந்து கிளறுகிறேன், உப்புப் பார்க்கிறேன், இறக்கும் நேரம் சொல்கிறேன். அவள் இறக்குகிறாள்.

கேரட் தோலை மட்டும் நானே சீவுகிறேன். கைகளுக்குப் பயிற்சி தரும் சிகிச்சையாளர், கைப்பிடி தடிமனாக இருந்தால் விரல்களை இறுக்கி மடக்க வேண்டியதில்லை என்று சொல்லி, கறுப்பு ரப்பர் பிடி போட்ட ஒரு தோல் சீவியைக் காட்டினார். அதற்கும் ஒரு கதை இருக்கிறது. சாம் ஃபார்பர் என்பவரின் மனைவி பெட்ஸிக்கு மூட்டுவாதம். மெல்லிய உலோகச் சீவியைப் பிடிக்க அவர் படும் பாட்டைப் பார்த்த கணவர், வடிவமைப்பாளர்களோடு சேர்ந்து கைக்கு இதமான கருவிகளை உருவாக்கி 1990-இல் விற்பனைக்குக் கொண்டுவந்தார். ஆக்ஸோ குட் கிரிப்ஸ் என்று பெயர். இன்று நோயில்லாதவர்களும் அதை விரும்பி வாங்குகிறார்கள். பிடியின் இரு பக்கத்திலும் மெல்லிய வரிகள் செதுக்கியிருக்கும். கட்டைவிரலும் ஆள்காட்டி விரலும் அந்த வரிகளில் போய் அமரும்போது, என் கையை மனத்தில் வைத்து யாரோ செய்திருக்கிறார்கள் என்று ஒவ்வொரு முறையும் தோன்றுகிறது. தோல் நீளமாக, அறுபடாமல், சுருண்டு பலகையில் விழுகிறது. ஐந்து கேரட்டுக்கு இருபது நிமிடம் ஆகிறது. ஆகட்டும்.

இன்று வெள்ளி. வட்டத்தின் குறுக்கே கோடு போட்டாயிற்று. நாளைக்கு என்று ரொட்டி செய்யும் நிகழ்ச்சி ஒன்றைப் பதிவு செய்து வைத்திருக்கிறேன். உள்ளங்கையின் அடிப்பகுதியால் மாவைத் தள்ளி, மடித்து, கால்வட்டம் திருப்பி மறுபடி தள்ளுவார்கள். பத்து நிமிடம் அப்படிப் பிசைந்தபின், ஒரு துண்டைக் கிள்ளி விரல்களுக்கு நடுவே மெல்ல விரித்து வெளிச்சத்துக்கு நேரே பிடிப்பார்கள். கிழியாமல், பின்னாலிருக்கும் விரலின் நிழல் தெரியும் அளவுக்கு மாவு விரிந்தால் பதம் சரி. அந்த இடத்தை மட்டும் இரண்டு முறை பார்ப்பேன். மகளும் பார்க்க வருவதாகச் சொல்லியிருக்கிறாள். செவ்வாய்க்கு மாவு வாங்கி வைத்துவிட்டாளாம்.